எலெக்ட்ரானின் சுற்றுவழி

ஒரு பொருள் ஒளியை உறிஞ்சும்போது அதில் நிகழும் வேதி மாற்றங்களை ஆராயும் துறை ஒளிவேதியியல் எனப்படும். அம்மாற்றங்களுள் மிக எளியதும், உயிர்வாழ்க்கைக்கே அடிப்படையாக அமைந்ததும், எதிர்மின்னூட்டம் கொண்ட நுண்துகளாகிய எலெக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்த மூலக்கூறுக்குத் தாவும் நிகழ்வாகும். இதனை எலெக்ட்ரான் மாற்றம் என்பர். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் பால்மரங்களின் இலைகள், வெயில் ஏறியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கத் தொடங்குவது இந்த நிகழ்வால்தான். அந்தச் சர்க்கரையைக் கொண்டே மரம் தன் பாலையும் உண்டாக்குகிறது. ஆதலால், 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளின் காலந்தொட்டு இம்மாநிலத்தில் மங்கு எனப்படும் கிண்ணங்களில் வடிந்த பால் அனைத்தும் ஒளியால் இடம்பெயர்ந்த எலெக்ட்ரான்களின் விளைவே என்று கூறுவது மிகையாகாது.

எலெக்ட்ரானை ஒளியால் தாவச் செய்வது கடினமன்று. தாவிய எலெக்ட்ரான் அடுத்த கணமே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடாமல் தடுப்பதே கடினம். திரும்பிவிட்டால் ஒளி தந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் கரைந்துபோகும். திரும்பும் நேர்வழியை அடைத்துச் சுற்றுவழியில் அனுப்பினால், அந்தச் சுற்றின்போது அது நமக்காக வேலை செய்யும். பச்சை இலை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தவறாமல் செய்துவரும் இந்த வேலையை மனிதர் தம் கையால் செய்ய முடியுமா என்னும் வினாவுக்குத் தம் ஆய்வு வாழ்க்கையை அளித்தவர்களுள் ஒருவர், தமிழகத்தைச் சேர்ந்தவரும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவருமான இயல்வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். வேதிப்பொருள்களின் நடத்தையை இயற்பியல் அளவீடுகளால் ஆராய்பவரே இயல்வேதியியலாளர். உலகத் தமிழர் பலருக்கு அவர், தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தின் வழியாகவே அறிமுகமானவர். ஒளிவேதியியல் ஆய்வாளர்களுக்கோ அவர் பெயர் 1970களிலிருந்தே பழக்கமானது.

தோட்டத்துக் களைக்கொல்லி கற்பிப்பது

ஒளியால் நிகழும் எலெக்ட்ரான் மாற்றம் எத்தகையது என்பதைப் பேராக் தோட்டத்து மக்கள், அந்தப் பெயரை அறியாமலே, மிக அருகில் கண்டிருக்கிறார்கள். பால்மரங்களுக்கும் செம்பனை மரங்களுக்கும் இடையே முளைக்கும் லாலாங் புல்லை அழிப்பதற்குப் பெண் தொழிலாளர்கள் முதுகில் டின்னைச் சுமந்து மருந்து அடித்தார்களே, அந்த மருந்துகளுள் முதன்மையானதாக இருந்தது பாராகுவாட். அதன் வேதிப்பெயர் மெத்தில் வயலோஜன் டைகுளோரைடு. ஓர் எலெக்ட்ரானை ஏற்றதும் அடர்ந்த நீலமாக மாறும் இயல்புடையதால், களைக்கொல்லியாகப் பயன்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேதியியலாளர்கள் அதை ஒரு நிறங்காட்டியாக அறிந்திருந்தனர்.

பாராகுவாட் துளி இலையின் மேல் விழுந்து உள்ளே சென்றதும் நடப்பது இது: பச்சையம் ஒளியை உறிஞ்சி விடுவிக்கும் எலெக்ட்ரான், இலையின் நுண்ணுறுப்புகளுக்குள் படிப்படியாகக் கைமாறிச் சர்க்கரை உருவாகும் இடத்துக்குச் செல்லவேண்டும்; ஆனால் வழியில் நிற்கும் பாராகுவாட் மூலக்கூறு அதைப் பறித்துக்கொள்கிறது; பறித்ததை உடனே அருகிலுள்ள ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த எலெக்ட்ரானைப் பறிக்கத் தயாராகிறது. எலெக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் கடும் வினைத்திறன் கொண்டதாக மாறி இலையின் மென்படலங்களைச் சிதைக்கிறது. ஒரே மூலக்கூறு தான் அழியாமல் இந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால், நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே புல் வாடிக் கருகுகிறது. நிழலிலும் மேகமூட்டத்திலும் அதே மருந்து மெதுவாகவே வேலை செய்கிறது. வெயில் இல்லாத மனித நுரையீரலுக்குள்ளும் உயிரணுக்களின் சொந்த நொதிகள் அதற்கு எலெக்ட்ரானை வழங்கிவிடுவதால், அதே சுழற்சி அங்கும் நடக்கிறது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. கையுறையும் முகக்கவசமும் இன்றி அந்த மருந்தைக் கையாண்ட பெண்களின் உடல்நலத்தை எண்ணிப் பல ஆண்டுகள் குரல் எழுப்பப்பட்ட பிறகு, 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

இந்தப் பொருள் இக்கட்டுரையில் இடம்பெறுவதற்குத் தோட்ட வரலாறு மட்டும் காரணமன்று. ஒளியின் உதவியால் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க முயன்ற ஆய்வுக்கூடங்களில், எலெக்ட்ரானைப் பெற்று அடுத்தவரிடம் சேர்க்கும் இடைத்தரகராக மிகுதியாகப் பயன்பட்டதும் இதே மெத்தில் வயலோஜன்தான். இலையில் அழிவுக்குக் காரணமான பறிக்கும் குணம், கண்ணாடிக் குடுவையில் ஆக்கத்துக்கு உதவியது. எலெக்ட்ரான் எந்த வழியில் செல்கிறது என்பதே அது ஆக்கமா அழிவா என்பதைத் தீர்மானிக்கிறது.

ரப்பர் பாலும் சோப்புத் துளியும்

கல்யாணசுந்தரம் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஜே. கெர்ரி தாமஸ் என்னும் பேராசிரியரிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மைசெல் எனப்படும் சோப்புத் துளி. சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. நீரில் போதிய அளவு சோப்பு கரைந்ததும் அறுபது எழுபது மூலக்கூறுகள் வால்களை உட்புறமாகவும் தலைகளை வெளிப்புறமாகவும் வைத்து ஓர் உருண்டையாகத் திரள்கின்றன. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய நானோமீட்டர் கணக்கில் நான்கைந்தே குறுக்களவுள்ள இந்த உருண்டையின் உட்புறம் எண்ணெய் போன்றது. வெளிப்புறம், பொதுவான சோப்புகளில், எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு வேலி.

பேராக் வாசகர்களுக்கு இத்தகைய அமைப்பு புதியதன்று. மங்கில் வடியும் ரப்பர் பாலும் நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் உருண்டைகளின் கூட்டமே. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறையின் எதிர்மின்னூட்டமே உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. பால் கொட்டகையில் பார்மிக் அமிலம் ஊற்றியதும் அந்த மின்னூட்டம் நீங்கி, உருண்டைகள் ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன. ரப்பர் உருண்டைகளுள் பெரும்பாலானவை மைசெல்லைவிடப் பல மடங்கு பெரியவை என்றாலும், இரண்டிலும் ஆட்சி செய்வது ஒன்றே: நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் மின்னூட்டம். இப்படிக் கண்ணுக்கு ஒரே திரவமாகத் தோன்றி, உள்ளுக்குள் நுண்ணிய எல்லைகளால் பிரிந்து கிடக்கும் கலவைகளில் ஒளி எவ்வாறு வேலை செய்கிறது என்பதே கல்யாணசுந்தரத்தின் முதல் ஆய்வுக்களம்.

அந்த நுண்ணிய உருண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பைரீன் என்னும் சேர்மத்தை ஒற்றனாக உள்ளே அனுப்புவார்கள். புற ஊதா ஒளி பட்டதும் பைரீன் ஊதா நிறத்தில் ஒளிர்கிறது. அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பதிவு செய்தால் ஐந்து முகடுகள் தெரிகின்றன. சுற்றுப்புறம் நீரைப் போன்றதாக இருந்தால் முதல் முகடு மூன்றாவதைவிட உயர்ந்து நிற்கிறது; எண்ணெயைப் போன்றதாக இருந்தால் முதல் முகடு தாழ்ந்துவிடுகிறது. நீரில் ஏறத்தாழ 1.8 ஆக உள்ள அவ்விரண்டின் விகிதம், ஹெக்சேன் என்னும் எண்ணெய்க் கரைப்பானில் 0.6 அளவுக்கு இறங்குகிறது. இந்த விகிதத்தை அளந்தே பைரீன் எத்தகைய இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பதைக் கல்யாணசுந்தரமும் தாமஸும் 1977இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் நிறுவினர். எளிமையும் நம்பகமும் ஒருங்கே அமைந்த இந்த முறை, சோப்புத் துளிகளைக் கடந்து உயிரணுச் சவ்வுகள், புரதங்கள், பலபடிச் சேர்மங்கள் ஆகியவற்றின் ஆய்வுக்கும் பரவியது. அந்தக் கட்டுரை ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் மேற்கோளாக எடுத்தாளப்பட்டுள்ளது.

மைசெல் ஆய்வு தந்த முக்கியமான படிப்பினை ஒன்று உண்டு. மைசெல்லுக்குள் உள்ள பைரீன் வலுவான ஒளியால் ஓர் எலெக்ட்ரானை இழந்து, அது வெளியிலுள்ள நீருக்குத் தப்பிவிட்டால், உருண்டையின் எதிர்மின்னூட்ட வேலி அந்த எலெக்ட்ரானை மீண்டும் உள்ளே நுழையவிடுவதில்லை. நேர்வழியை அடைப்பதற்கு ஓர் எல்லைப் பரப்பே போதும் என்பது இதனால் தெளிவாயிற்று. தாமஸின் ஆய்வுக்குழுவில் 1970களின் தொடக்கத்தில் இத்தகைய சோதனைகளைச் செய்தவர்களுள் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் கிராட்செல்.

கணப்பொழுதை அளப்பது

முனைவர் பட்டத்துக்குப் பின் கல்யாணசுந்தரம் லண்டன் ராயல் நிறுவனத்தில் ஜார்ஜ் போர்ட்டருடன் பணியாற்றினார். ஒரு வலுவான ஒளிவீச்சால் வினையைத் தொடங்கி, அடுத்தடுத்த ஒளிவீச்சுகளால் அது எங்கே சென்றுகொண்டிருக்கிறது என்று பார்க்கும் ஒளிவீச்சுப் பகுப்பு முறையை உருவாக்கியதற்காக 1967ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் போர்ட்டர். ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு கிளர்வுற்ற நிலையில் இருப்பது பெரும்பாலும் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு முதல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரையே என்பதால், அந்த இடைவெளிக்குள் பார்க்க முடிந்தால்தான் எலெக்ட்ரான் எப்போது தாவியது, எப்போது திரும்பியது என்று கூறமுடியும். போர்ட்டரின் ஆய்வுக்கூடத்தில் பச்சையத்தையும் மெத்தில் வயலோஜனையும் மைசெல்களில் சேர்த்து, ஒளிச்சேர்க்கையின் ஒரு சிறிய பகுதியைக் குடுவைக்குள் நிகழ்த்திக் காட்டும் ஆய்வுகளில் கல்யாணசுந்தரம் ஈடுபட்டார்.

அங்கிருந்து அவர் சென்று சேர்ந்த லோசானில் கிராட்செல்லின் ஆய்வுக்குழு வளர்ந்துகொண்டிருந்தது. 1978இல் ஜான் கிவி, கிராட்செல் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை, கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும் ஓர் அமைப்பை விவரித்தது. அதில் ஒளியை உறிஞ்சுவது ருத்தேனியம் என்னும் உலோகத்தைச் சுற்றி மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் அமைந்த செம்மஞ்சள் நிறச் சேர்மம். கிளர்வுற்றதும் அது தன் எலெக்ட்ரானை மெத்தில் வயலோஜனிடம் கொடுக்கிறது. மெத்தில் வயலோஜன் அதை நுண்ணிய பிளாட்டினத் துகளிடம் சேர்க்கிறது. பிளாட்டினத்தின் மேல் எலெக்ட்ரான்களும் நீரின் புரோட்டான்களும் கூடி ஹைட்ரஜனாகின்றன. எலெக்ட்ரானை இழந்த ருத்தேனியச் சேர்மத்துக்கு இழப்பை ஈடுசெய்ய ஒரு தியாகப் பொருள் தேவைப்பட்டது. அது தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுச் சிதைந்துபோகும். தியாகப் பொருள் தீர்ந்ததும் வினையும் நின்றுவிடும் என்பதே அந்த அமைப்பின் குறை. எரிபொருள் பெறுவதற்காக வேறொரு வேதிப்பொருளை எரிக்கவேண்டியிருந்தால் அது முழுமையான தீர்வாகாது என்பதை அத்துறையினர் அனைவரும் உணர்ந்திருந்தனர்.

எலெக்ட்ரான் எவ்வளவு விரைவாகத் தாவும் என்பதற்குக் கோட்பாடு வகுத்தவர் ருடால்ப் மார்க்கஸ். 1956இல் அவர் வெளியிடத் தொடங்கிய கோட்பாட்டின்படி, எலெக்ட்ரான் தாவுவதற்கு முன் அதைச் சூழ்ந்துள்ள கரைப்பான் மூலக்கூறுகள் புதிய நிலைக்கு ஏற்பத் திரும்பி அமைந்தாக வேண்டும். அதற்காகும் செலவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. வினையில் வெளிப்படும் ஆற்றல் மிகுந்தால் வேகமும் மிகும். ஆனால் ஓர் எல்லையைக் கடந்தபின் ஆற்றல் மேலும் மிகுந்தால் வேகம் குறையத் தொடங்கும் என்று அவர் கணித்தார். இயல்பான எதிர்பார்ப்புக்கு மாறான இந்தக் கணிப்பு 1984இல் சோதனையால் உறுதிப்பட்டது. 1992இல் மார்க்கஸ் நோபல் பரிசு பெற்றார். எலெக்ட்ரானின் நேர்வழித் திரும்புதலைத் தாமதப்படுத்த இயற்கையிலேயே ஒரு விதி இருக்கிறது என்பதால், சூரிய ஆற்றல் ஆய்வாளர்களுக்கு இது வெறும் கணிதமாக நின்றுவிடாமல் கையில் கிடைத்த கருவியாயிற்று.

கிந்தாவின் மணலும் சூரியக் கலமும்

மைசெல்லின் எல்லைப் பரப்பு எலெக்ட்ரானைத் தடுத்தது. அதைப் பிடித்துக் கம்பிக்குள் அனுப்பும் எல்லைப் பரப்பு அடுத்த தேவை. அதற்கு வாய்த்தது, வீட்டுச் சுவரின் வெள்ளைச் சாயத்தில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு. 1991இல் பிரையன் ஓரீகனும் கிராட்செல்லும் நேச்சர் இதழில் அறிவித்த சாயச் சூரியக் கலத்தில், நானோமீட்டர் கணக்கில் அளக்கும் நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடு மணிகள் பஞ்சுபோல் அடுக்கப்பட்டு, அவற்றின் மேல் ருத்தேனியச் சாயம் ஒற்றை மூலக்கூறுப் படலமாக ஒட்டவைக்கப்பட்டது. படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே எனினும், மணிகளின் மொத்தப் பரப்பு அது வைக்கப்பட்டுள்ள கண்ணாடியின் பரப்பைப் போல் பல நூறு மடங்கு. அந்தக் கலம் ஒளியாற்றலில் 7 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாக மாற்றியது.

அதன் வெற்றிக்குக் காரணம் நேர ஒழுங்கு. ஒளியால் கிளர்வுற்ற சாயம், பெரும்பாலும் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், தன் எலெக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் செலுத்திவிடுகிறது. அந்த எலெக்ட்ரான் சாயத்துக்கு நேராகத் திரும்ப அதைப்போல் பல கோடி மடங்கு நேரம் பிடிக்கிறது. இந்த இடைவெளிக்குள் கரைசலிலுள்ள அயோடைடு சாயத்தின் இழப்பை நிரப்பிவிடுகிறது. எலெக்ட்ரான் வெளிக்கம்பி வழியே சென்று விளக்கை எரித்துவிட்டு, எதிர்மின்வாய் வழியாக வந்து அயோடைடின் இழப்பை நிரப்புகிறது. தியாகப் பொருள் என்று எதுவும் தேவைப்படவில்லை, சுற்று முழுமையடைந்துவிட்டது.

இந்தக் கலத்தின் இரண்டு முக்கியப் பொருள்களும் பேராக்கின் ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணோடு உறவுடையவை. ஒளி நுழையும் கண்ணாடியில் மின்சாரம் பாய்வதற்காகப் பூசப்படுவது, சிறிதளவு புளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு. பத்து காஜாவுக்கு அருகில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும், 1938இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் குளத்தடியிலிருந்து அள்ளிய, மக்கள் ஈயம் என்றே வழங்கும் வெள்ளீயத்தின் தாதுவும் வேதியியலில் அதே வெள்ளீய ஆக்சைடுதான். ஈயத்தாதுவைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கனமான கருமணலை இங்கே ஆமாங் என்பர். அதில் மிகுந்துள்ள இல்மனைட் என்னும் தாது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கும் இந்தத் தாதுவிலிருந்துதான் உலகின் வெள்ளைச் சாயத்தில் பெரும்பகுதி தயாராகிறது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்து லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்த குடும்பங்களுக்கு, காலடியில் கிடந்த கருமணலில் சூரியனைப் பிடிக்கும் பொருள் ஒளிந்திருந்தது என்பதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

தொகுப்பதும் ஆய்வே

கல்யாணசுந்தரத்தின் பணியில் தனித்துக் குறிப்பிடவேண்டியது, சிதறிக் கிடந்த அறிவை ஒழுங்குபடுத்தித் தந்தது. ருத்தேனியம் பைபிரிடின் சேர்மங்கள் பற்றி 1982இல் அவர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை, அத்துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் முதலில் கையிலெடுப்பதாயிற்று. நுண்ணிய எல்லைகள் கொண்ட கலவைகளின் ஒளிவேதியியல் பற்றி 1987இலும், பாலிபிரிடின், போர்பிரின் சேர்மங்கள் பற்றி 1992இலும் நூல்கள் வெளிவந்தன. 2010இல் சாயச் சூரியக் கலங்கள் பற்றிய பெருநூலை அவர் பதிப்பித்தார். புதிய கண்டுபிடிப்பு ஒருவர் பெயரில் பதிவாகிறது; ஆனால் பலருடைய அளவீடுகளை ஒப்பிட்டு, தவறியவற்றை நீக்கி, அடுத்தவர் நம்பி நடக்கத்தக்க வழியாக அமைப்பவர் இல்லையெனில் ஒரு துறை துறையாக வளர்வதில்லை.

அதே இயல்பு தமிழின் பக்கமும் திரும்பியது. கணினியில் தமிழ் எழுதுவதே அரிதாக இருந்த காலத்தில் மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியவர் அவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உள்ளிட்டோருடன் சேர்ந்து தமிழ் எழுத்துக் குறியீட்டைப் பொதுத்தரமாக்க உழைத்தார். 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து எவரும் இலவசமாகப் பெறுமாறு வைக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் அவர் செய்தது ஒன்றே: கிடைத்தது கரைந்துபோகாமல் காத்து, அடுத்தவர் கைக்குச் சேர்ப்பது.

சாயச் சூரியக் கலம் இன்று சிலிக்கானை வென்றுவிடவில்லை. சந்தையிலுள்ள சிலிக்கான் தகடுகள் 20 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. சாயக் கலங்கள் ஆய்வுக்கூடத்திலேயே 13 விழுக்காட்டைத் தாண்டப் பல ஆண்டுகள் ஆயின. திரவக் கரைசல் கசிவதும் ஆவியாவதும் இன்னும் தொல்லை தருகின்றன. எனினும் அறைக்குள் உள்ள மங்கிய ஒளியில் அவை நன்றாக வேலை செய்கின்றன. அவற்றின் கிளையாக 2009இல் தோன்றிய பெரோவ்ஸ்கைட் கலங்கள் சிலிக்கானுக்கு நிகராக வளர்ந்துள்ளன. பேராக்கின் செரி இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சாயக் கலங்கள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன.

மலேசியாவிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அவற்றுள் பல, தோட்டங்களில் பிறந்தவை. பள்ளி மாணவர்களே செய்து பார்க்கத்தக்க ஒரு சாயக் கலத்தின் செய்முறையைக் கிராட்செல்லும் கிரெக் ஸ்மெஸ்டாடும் 1998இல் வெளியிட்டனர். வெள்ளீய ஆக்சைடு பூசிய இரண்டு கண்ணாடித் துண்டுகள், டைட்டானியம் டை ஆக்சைடுப் பசை, பென்சில் கரி, சில சொட்டு அயோடின் கரைசல், இவற்றோடு ஒரு கனியின் அல்லது பூவின் சாயம் இருந்தால் போதும். பள்ளி வேலியோரத்துச் செம்பருத்தியின் இதழ்களைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் வெள்ளைப் படலத்தை ஊறவைத்தால் அது நிறமேறும்; மேலே கரி பூசிய கண்ணாடியை வைத்து, இடையில் அயோடினை விட்டு, வெயிலில் காட்டினால் மின்னழுத்தமானியின் முள் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக நகரும். அளவில் சிறியதே, ஆனால் அந்த முள்ளை நகர்த்துவது, லாலாங் புல்லைக் கருக்கிய அதே எலெக்ட்ரான் தாவல்தான்; இம்முறை எலெக்ட்ரான் சுற்றுவழியில் செல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் காணும் மாணவருக்கு, பாட்டன் பாட்டியர் வியர்வை சிந்திய பாலும் ஈயமும் கருமணலும் பழங்கதைப் பொருள்களாக இல்லாமல், தம் கையால் தொடரவேண்டிய அறிவியலின் பொருள்களாக மாறும்.